காத்திருக்கக் கூடாத இடம்

வட்டு காத்திருக்கும். கேட்ட பகுதியைப் படித்துத் தன்னிடம் வைத்துக்கொண்டு, வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று சும்மா இருக்கும். நெட்வொர்க் கார்டு கொஞ்ச நேரம் பொறுக்கும்; அதன் வரிசை நிரம்பி ஒரு பாக்கெட் விழுந்துபோனாலும், டிசிபி இருந்தால் அனுப்பியவர் மறுபடி அனுப்பிவிடுவார். கீபோர்டின் முன் உட்கார்ந்திருப்பவர் இன்னொரு தடவை அழுத்துவார்.

வானம் மறுபடி அனுப்பாது. புனேயிலிருந்து வடக்கே 80 கிலோமீட்டர் போனால், நாராயண்காவுக்குப் பக்கத்தில் கோடத் கிராமம். அங்கேயும் சுற்றுவட்டார வயல்களிலும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள் நிற்கின்றன. ஜயன்ட் மீட்டர்வேவ் ரேடியோ டெலஸ்கோப். ஒரு பல்சாரின் துடிப்பு பல ஆயிரம் வருடங்கள் பயணம் செய்து இந்த நொடியில் அந்தக் கம்பி வலையில் விழுகிறது. அடுத்த நொடியில் அது இல்லை.

டிரைவர் எழுதுகிறவர் எந்தச் சாதனத்தின் கையேட்டைத் திறந்தாலும் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: இங்கே யாரால் காத்திருக்க முடியும், யாரால் முடியாது? இன்டரப்ட் பற்றி நான் கற்ற விதிகள் ஒவ்வொன்றும் இந்தக் கேள்வியில் போய்த்தான் முடிகின்றன.

*

இன்டரப்ட் வரும் கணத்தைப் பொறுமையாக நினைத்துப் பார்க்கிறேன்.

சிபியு யாரோ ஒருவருடைய வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கையிலிருக்கும் கட்டளையை முடிக்கிறது. எங்கே விட்டோம் என்ற முகவரியையும் கொடிகளையும் எடுத்து வைக்கிறது. ஓர் எண் வருகிறது. எக்ஸ்86-இல் அந்த எண்களுக்கு 256 இடங்கள். முதல் 32 சிபியுவின் சொந்தப் பிழைகளுக்காக ஒதுக்கப்பட்டவை. அட்டவணையில் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும் முகவரிக்குத் தாவுகிறது. நம் டிரைவர் எழுதிவைத்த ஹேண்ட்லர் ஓடுகிறது. முடிந்ததும் பழைய இடத்துக்கே திரும்பி, நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல் தொடர்கிறது.

அந்த யாரோ ஒருவருக்கு இது தெரியவே தெரியாது. அவருடைய ப்ராசஸுக்கும் நம் கார்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஹேண்ட்லருக்கென்று சொந்தமாக நேரம் கிடையாது. ஓடுவதெல்லாம் பிறருடைய நேரத்தில். அதனால்தான் ஹேண்ட்லருக்குள் தூங்கக் கூடாது. நினைவகம் கேட்டால்கூட, இப்போது இருந்தால் கொடு, இல்லையென்றால் இல்லை என்று சொல் என்ற விதத்தில்தான் கேட்க வேண்டும். தூங்கும் ப்ராசஸை ஷெட்யூலர் பிறகு எழுப்பும். ஹேண்ட்லர் தூங்கினால் எழுப்புவதற்கு அங்கே ஓர் ஆள் இல்லை. ஷெட்யூலருக்கு அப்படி ஒருவரைத் தெரியாது.

*

நெதர்லாந்தில் 1950-களின் பின்பாதியில் எலெக்ட்ரோலாஜிகா எக்ஸ்1 என்ற கணினியை உருவாக்கியபோது, அதன் அடிப்படை மென்பொருளை எழுதும் பொறுப்பு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவுக்கு வந்தது. கணினியில் இன்டரப்ட் வைக்கப்போகிறோம் என்று அதை வடிவமைத்த லூப்ஸ்ட்ராவும் ஷோல்டனும் சொன்னபோது அவர் பயந்தார். உடனே சம்மதிக்கவில்லை.

அவர் பயந்தது சரியான விஷயத்துக்கு. அதுவரை ஒரு நிரலை அதே தரவோடு மறுபடி ஓட்டினால் அதே பிழை அதே இடத்தில் வரும். இன்டரப்ட் வந்துவிட்டால் எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவிலும் வேறொன்று நுழையலாம். எப்போது நுழையும் என்பதை வெளியுலகம் தீர்மானிக்கும். ஓட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது என்ற பேச்சுக்கு அதன்பின் மதிப்பில்லை. சரிதான் என்று யோசித்தே நிறுவ வேண்டும். அந்த வேலைதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வாக 1959-இல் வந்தது. பின்னாளில் செமஃபோர் முதலான அவருடைய சிந்தனைகளுக்கெல்லாம் இந்தப் பயத்தில் ஒரு வேர் இருக்கிறது என்பது என் எண்ணம்.

புதிதாக டிரைவர் எழுத வரும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறேன். பயம் இல்லாமல் இன்டரப்ட் பக்கம் வரக் கூடாது.

*

ஹேண்ட்லர் தன் கார்டிடம் கேட்கும் முதல் கேள்வி: கூப்பிட்டது நீயா?

பழைய பிசிஐ பலகைகளில் ஒரே இன்டரப்ட் கம்பியை நாலு கார்டுகள் பகிர்ந்துகொண்டிருக்கும். கம்பி இழுபட்டால் எல்லா டிரைவர்களையும் கெர்னல் வரிசையாக எழுப்பும். ஒவ்வொருவரும் தன் கார்டின் நிலை ரெஜிஸ்டரைப் படித்து, என்னுடையதுதான், முடித்துவிட்டேன் என்றோ, என்னுடையது இல்லை என்றோ பதில் சொல்ல வேண்டும். இங்கே பொய் சொல்வது பெரிய தவறு. தன்னுடையது இல்லாததை என்னுடையது என்று ஒரு டிரைவர் எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தால், யாருமே கவனிக்காமல் கூவிக்கொண்டிருக்கும் ஒரு சாதனத்தைக் கெர்னலால் கண்டுபிடிக்க முடியாமல் போகும். லினக்ஸ் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. ஒரு லட்சம் இன்டரப்டுகளில் 99,900-க்கு மேல் உரிமையாளர் இல்லாமல் போனால், ‘நோபடி கேர்டு’ என்று பதிவில் எழுதிவிட்டு அந்தக் கம்பியையே அணைத்துவிடும். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது ஒரு மாதிரி ஆகிவிடும். எங்கோ ஒரு சாதனம் லட்சம் தடவை கூப்பிட்டிருக்கிறது.

கேள்விக்கு வரும் பதிலையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கார்டு பிடுங்கப்பட்டுவிட்டால், அல்லது இணைப்பு செத்துவிட்டால், ரெஜிஸ்டரைப் படிக்கும்போது எல்லா பிட்டும் 1 ஆக வரும். வெறும் பிட்டை மட்டும் பார்க்கும் ஹேண்ட்லருக்கு அது எப்படித் தெரியும்? தரவு வந்திருக்கிறது, அனுப்பியது முடிந்திருக்கிறது, பிழையும் நேர்ந்திருக்கிறது, எல்லாம் ஒரே நேரத்தில். இல்லாத கார்டுக்காக அது இல்லாத வேலையைச் செய்யத் தொடங்கும். எல்லாவற்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் அந்தப் பக்கம் ஆளே இல்லை என்று கொள்ள வேண்டும்.

அடுத்தது, இன்டரப்டை நிறுத்துவது. ஒரு நிறுவனத்தில் பழைய டிரைவர் ஒன்றைப் பார்க்கக் கொடுத்தார்கள். தரவு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, குறையென்று யாரும் சொல்லவில்லை, சிபியு மட்டும் காரணமில்லாமல் சூடாக இருந்தது. ப்ராக் இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்து பார்த்தால், நிரம்பிய பஃபர்களைவிட இன்டரப்டுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒவ்வொரு உண்மையான கூப்பாட்டுக்குப் பின்னாலும் ஒரு வெற்றுக் கூப்பாடு.

காரணம் அழகானது. கேட்டுவிட்டேன், நிறுத்து என்று ஹேண்ட்லர் கார்டின் ரெஜிஸ்டரில் எழுதுகிறது. பிசிஐ பஸ்ஸில் எழுத்து உடனே போய்ச் சேராது. நடுவிலிருக்கும் பிரிட்ஜ் அதை வாங்கி வைத்துக்கொண்டு, எழுதியாயிற்று என்று சிபியுவை அனுப்பிவிடும். ஹேண்ட்லர் திரும்பிவிடுகிறது. அந்தச் சொல் இன்னும் கார்டைச் சேரவில்லை. கார்டு கம்பியை இன்னும் விடவில்லை. சிபியு பார்க்கிறது: மறுபடி இன்டரப்ட். ஹேண்ட்லர் ஓடி வந்து நிலையைப் படிக்கும்போது ஒன்றும் இல்லை.

சரிசெய்ய ஒரே வரி போதும். எழுதிய பிறகு அதே கார்டிலிருந்து எதையாவது ஒருமுறை படிக்க வேண்டும். படிப்பு எழுத்தை முந்திப் போக முடியாது என்பது பிசிஐ விதி. படித்த பதில் கைக்கு வந்ததென்றால் எழுதியது போய்ச் சேர்ந்திருக்கிறது. சொன்னதற்கும் கேட்டதற்கும் நடுவிலிருக்கும் தூரத்தை நிரல் எழுதுகிறவர் கண்ணால் பார்க்க முடியாது. அதைக் கற்பனையில் வைத்திருக்கத் தெரிய வேண்டும். இந்தத் தொழிலின் பாதி அங்கேதான் இருக்கிறது.

பின்னால் வந்த எம்எஸ்ஐ முறையில் கம்பியே கிடையாது. இன்டரப்ட் என்பதே ஒரு நினைவக எழுத்து. தரவு போன அதே வழியில், தரவுக்குப் பின்னால் வருகிறது. அதனால் இன்டரப்ட் வந்துவிட்டதென்றால் தரவும் நினைவகத்தில் இருக்கிறது. கம்பிக் காலத்தில் அந்த உறுதி இல்லை. தரவு இன்னும் வழியில் இருக்கும்போதே கம்பி சொல்லிவிடும்.

*

எனக்குள் நெடுநாள் தங்கிய ஒரு முடிச்சு.

ஒரு ப்ராசஸ் டிரைவருக்குள் வந்து, பொது வரிசையைத் தொடுவதற்காக ஸ்பின்லாக்கை எடுக்கிறது. அதே சிபியுவில் அந்தக் கணம் இன்டரப்ட் வருகிறது. ஹேண்ட்லருக்கும் அதே வரிசை வேண்டும். லாக் பிடிபட்டிருக்கிறது, சுற்றிச் சுற்றிக் கேட்கிறது. லாக்கை வைத்திருக்கும் ப்ராசஸோ, ஹேண்ட்லர் முடிந்தால்தான் அடுத்த கட்டளைக்கு நகர முடியும். ஹேண்ட்லர் முடிய லாக் வேண்டும். அந்த சிபியு அவ்வளவுதான்.

வேறு சிபியுவில் இன்டரப்ட் வந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கொஞ்சம் சுற்றியிருக்கும், லாக் கிடைத்திருக்கும். எட்டு கோர்கள் இருக்கும் மேசைக் கணினியில் பல மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு, கோர்கள் குறைந்த சின்னப் பலகையில் முதல் மணி நேரத்திலேயே நின்றுபோகும் டிரைவர்களுக்கு இது ஒரு பழைய காரணம். ஹேண்ட்லரும் தொடும் லாக்கை எடுப்பதற்கு முன் அந்த சிபியுவில் இன்டரப்டை மூடிவிட வேண்டும். முன்பிருந்த நிலையை நினைவில் வைத்து, விடும்போது அதே நிலைக்குத் திருப்ப வேண்டும். மூடியிருக்கும் அந்தச் சிறு நேரத்தில் காத்திருப்பது சாதனம். எவ்வளவு நேரம் காக்க வைக்கலாம் என்பதைச் சாதனம்தான் சொல்ல வேண்டும். மறுபடி கோடத்துக்குத்தான் வருகிறேன்.

*

புனேயின் கணேஷ்கிண்டில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் என்சிஆர்ஏ என்ற வானொலி வானியற்பியல் மையம் இருக்கிறது. கோடத் தொலைநோக்கியும் ஊட்டி முத்தோரையில் 1970-இல் எழுந்த தொலைநோக்கியும் அதன் பொறுப்பில் இருக்கின்றன. இரண்டும் கோவிந்த் ஸ்வரூப் என்ற ஒரே மனிதரின் மனதிலிருந்து வந்தவை. ஊட்டியினுடையது 530 மீட்டர் நீளம். மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக இருக்கும்படி இடம் பார்த்துக் கட்டினார்கள். அதனால் ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தின் ஓட்டத்தைத் தொடர முடிகிறது. இயற்கை காத்திருக்காது என்றால் அதன் போக்கிலேயே நம் எந்திரத்தைச் சாய்த்து வைப்பது. அந்தச் சரிவை நினைக்கும்போது எனக்கு நிறைவாக இருக்கிறது.

கோடத்தின் கணக்குக்கு வருகிறேன். 30 ஆன்டெனாக்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு துருவமுனைப்புகள், ஆக 60 சிக்னல்கள். தொடக்க கால 32 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத் தொலைக்காமல் பிடிக்க, நைக்விஸ்ட் விதிப்படி ஒவ்வொரு சிக்னலையும் நொடிக்குக் குறைந்தது 6 கோடியே 40 லட்சம் தடவை அளக்க வேண்டியிருந்தது. மொத்தம் நொடிக்கு 384 கோடி அளவுகள். முதலில் இதற்கென்றே செய்த வன்பொருள் இந்த வேலையைப் பார்த்தது. பிறகு ஜயந்தா ராய், யஷ்வந்த் குப்தா முதலியோர் கடையில் கிடைக்கும் கணினிகளையும் லினக்ஸையும் வைத்து ஒரு மென்பொருள் பின்தளத்தைக் கட்டினார்கள். அதைப் பற்றிய கட்டுரை 2010-இல் வெளிவந்தது. பொதுவேலைக்கான கெர்னல் ஒன்று வானத்தின் வேகத்துக்கு நிற்க முடியும் என்று காட்டிய வேலை அது. புனேயில் டிரைவர் எழுதுகிற எவரும் பெருமைப்படலாம்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு டிரைவருக்கு என்ன கெடு என்பதைத் தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு கார்டு நாலு சிக்னல்களை எடுக்கிறது, ஓர் அளவுக்கு ஒரு பைட் என்று கொள்வோம். நொடிக்கு 25 கோடியே 60 லட்சம் பைட். 8 கிலோபைட் பஃபர் வைத்தால் நொடிக்கு 31,250 இன்டரப்டுகள். ஒவ்வொன்றுக்கும் 32 மைக்ரோசெகண்ட்தான் கெடு. 8 மெகாபைட் பஃபர் வைத்தால் நொடிக்கு முப்பது இன்டரப்டுகள், கெடு 32 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். பஃபரின் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது, எவ்வளவு தாமதமாக வரலாம் என்பதையே தேர்ந்தெடுக்கிறோம்.

இரண்டு பஃபர்கள் இருக்கும். குழாயடியில் இரண்டு குடம் வைத்திருப்பதுபோல: ஒன்று நிரம்பும்போது மற்றதைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வர வேண்டும், குழாயை மூட வழியில்லை. கார்டு டிஎம்ஏ மூலம் தானே நினைவகத்தில் நிரப்புகிறது. நிரம்பியதும் இன்டரப்ட். ஹேண்ட்லர் செய்ய வேண்டியது மிகச் சிறிது: எந்தப் பஃபர் நிரம்பியது என்று குறி, அடுத்ததை நோக்கிக் கார்டைத் திருப்பு, தூங்கும் ப்ராசஸை எழுப்பு, போ. எட்டு மெகாபைட்டை நகலெடுக்கும் வேலை அங்கே கூடாது.

அப்படியும் ஒருநாள் தாமதமாகும். அந்த நாளைக்கு டிரைவர் என்ன செய்யும் என்பதைத்தான் நான் முதலில் படிக்கிறேன்.

பஃபர் ஒன்று தொலைந்துபோனால், அடுத்த பஃபரை முந்தியதன் வாலில் அப்படியே ஒட்டிக் கொடுத்துவிடும் டிரைவர் ஆபத்தானது. கோப்பைப் பார்த்தால் எந்த ஓட்டையும் தெரியாது. 1982-இல் ஸ்ரீனிவாஸ் குல்கர்னி உள்ளிட்ட குழு கண்டுபிடித்த பல்சார் 1.56 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை சுற்றுகிறது. நம் கணக்கில் ஒரு பஃபருக்குள் அது 21 சுற்று சுற்றிவிடும். ஓட்டை மறைக்கப்பட்ட தரவில் அந்த இடத்துக்குப் பின்னால் வரும் எல்லாத் துடிப்பும் தவறான நேரத்தில் நிற்கும். இந்தியப் பல்சார் நேரக்கணிப்புக் குழு இதே கோடத் தரவை வைத்து, ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து, நானோஹெர்ட்ஸ் ஈர்ப்பலைகளுக்கான சான்றை 2023 ஜூனில் அறிவித்தது. பல வருடத் துடிப்புகளில் மைக்ரோசெகண்டுக்கும் குறைவான விலகல்களைத் தேடும் வேலை. அங்கே மௌனமாக ஒட்டப்பட்ட ஒரு பஃபர் எவ்வளவு பெரிய பொய்!

ஒவ்வொரு பஃபருக்கும் வரிசை எண் இருக்க வேண்டும். தொலைந்ததை எண்ணும் ஒரு கணக்கு இருக்க வேண்டும், தரவைப் படிக்கும் நிரலுக்கு அந்தக் கணக்கு போய்ச் சேர வேண்டும். தொலைந்த இடத்தைத் தொலைந்த இடமாகவே விட்டுக் கொடுத்தால் வானியலாளர் அதை விலக்கிவிட்டு மிச்சத்தை நம்புவார்.

*

அதிகமாகக் கேட்பதும் ஒரு நோய். ஒரு ஜிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் நொடிக்கு 14 லட்சத்து 88 ஆயிரம் வரை வரலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் இன்டரப்ட் என்றால் சிபியு வரவேற்பதிலேயே முழு நேரத்தையும் செலவழித்து, வந்த எதையும் மேலே கொண்டுசேர்க்க முடியாமல் கிடக்கும். ஜெஃப்ரி மோகலும் கே.கே. ராமகிருஷ்ணனும் 1996-இல் இதையும் இதற்கான வழியையும் தெளிவாக எழுதிவைத்தார்கள். லினக்ஸ் நெட்வொர்க் டிரைவர்களுக்கான நாபி என்ற முறை அதே வழியில் நடக்கிறது: முதல் பாக்கெட்டுக்கு இன்டரப்ட், உடனே அதை அணைத்துவிட்டு வரிசை தீரும்வரை தானே போய்ப் பார்த்து எடுப்பது, தீர்ந்ததும் மறுபடி திறப்பது.

*

புனேயில் 1988-இல் சி-டாக் என்ற கணினி ஆய்வு மையம் தொடங்கியது. 1991-இல் அதன் சூப்பர்கம்ப்யூட்டர் பரம் 8000 வந்தது. விஜய் பட்கர் தலைமையில் செய்த அந்த எந்திரத்தை எல்லோரும் வேகத்துக்காக நினைவுகூர்கிறார்கள். நான் அதன் சில்லை நினைக்கிறேன். இன்மாஸ் நிறுவனத்தின் ட்ரான்ஸ்பியூட்டர்.

அந்தச் சில்லில் இன்டரப்டை வேறு விதமாகப் பார்த்தார்கள். ப்ராசஸ்கள் ஒன்றோடொன்று பேசச் சானல்கள் உண்டு. வெளியிலிருந்து வரும் சிக்னலும் ஒரு சானலில் வரும் செய்திதான். அதற்காக ஒரு ப்ராசஸ் அந்தச் சானலில் காத்துத் தூங்கும். சிக்னல் வந்தால் எழும். ஷெட்யூலர் வன்பொருளிலேயே இருந்ததால் எழுப்புவதற்குச் செலவு குறைவு. பிறர் நேரத்தில் திடீரென நுழையும் ஹேண்ட்லர் என்ற ஒன்றே நிரல் எழுதுகிறவர் கண்ணில் படாது.

லினக்ஸ் 2009-இல், 2.6.30 பதிப்பில், இன்டரப்டுக்கு ஒரு த்ரெட் கொடுக்கும் வசதியைச் சேர்த்தது. ஹேண்ட்லர் கார்டை அமைதிப்படுத்திவிட்டு த்ரெட்டை எழுப்பும். மிச்சமெல்லாம் த்ரெட்டில், தூங்கவும் உரிமையோடு. தாமஸ் க்ளைக்ஸ்னர் முதலியோர் நெடுங்காலம் தனியே வளர்த்த நிகழ்நேரக் கெர்னல் மாற்றங்களில் கடைசிப் பகுதி 2024-இல் 6.12 பதிப்பில்தான் முதன்மைக் கெர்னலோடு சேர்ந்தது. அதை இயக்கினால் ஏறக்குறைய எல்லா ஹேண்ட்லர்களும் த்ரெட்களாகிவிடும். எந்த இன்டரப்ட் முக்கியம் என்பதை முன்னுரிமை எண் கொடுத்து நாமே சொல்லலாம். ட்ரான்ஸ்பியூட்டர் இருந்த இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறோம் என்று தோன்றுகிறது.

*

டிரைவரை இறக்கும் வரிசை. இதை ஏற்றும் வரிசையைவிடக் கவனமாக எழுத வேண்டும்.

முதலில் கார்டிடம் இனி கூப்பிடாதே என்று எழுது. எழுதியது சேர்ந்ததா என்று படித்துப் பார். அதற்குப் பிறகுதான் ஐஆர்க்யூவை, அதாவது நாம் பதிந்துவைத்த இன்டரப்ட் எண்ணை, விடுவிக்க வேண்டும். விடுவிக்கும் அந்தச் செயல்கூறு, வேறு சிபியுவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை நிற்கும். இங்கே காத்திருக்கத்தான் வேண்டும். அதனாலேயே இதை ஹேண்ட்லருக்குள்ளிருந்து அழைக்கக் கூடாது. அது திரும்பி வந்த பிறகு பஃபர்களையும் ரெஜிஸ்டர் முகவரிகளையும் விடலாம். வரிசை மாறினால், ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லரின் காலடியிலிருந்து நினைவகம் போய்விடும்.

இதைச் சோதிக்கக் கெர்னலில் ஒரு வசதி இருக்கிறது. பகிரப்பட்ட ஐஆர்க்யூவை விடுவிக்கும் கணத்தில், கார்டு கூப்பிடாமலேயே ஹேண்ட்லரை ஒரு தடவை அழைத்துப் பார்க்கும். பஃபரை முதலில் விட்டுவிட்ட டிரைவர் அங்கேயே விழுந்துவிடும். நான் எந்த டிரைவரையும் முதலில் அந்த வசதி இயங்கும் கெர்னலில்தான் ஏற்றுகிறேன். ஏற்றியதும் உடனே இறக்குகிறேன். தரவு வருகிறதா என்று பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.